போயிட்டு வர்றேன்

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், நகைப்பெட்டிக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறீர்களே, பாஸ்போர்ட்... அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். தர மாட்டார்கள். பரவாயில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

திறந்ததும் ஒரு வேண்டுகோள் இருக்கும். இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போகவிடுங்கள், தேவைப்பட்ட உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்று இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரால் உலகத்துக்கே ஒரு சிபாரிசு. நம்ம ஊர் கவுன்சிலரிடம் ஒரு கடிதம் வாங்க மூன்று நாள் அலைகிறோம். இங்கே ஜனாதிபதி பெயரில் கடிதம்! கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

அப்புறம் விதிமுறைகள் அச்சடித்த பக்கத்தைப் பாருங்கள். இந்தப் புத்தகம் இந்திய அரசின் சொத்து என்று இருக்கும். பணம் கட்டியது நாம், வரிசையில் நின்றது நாம், போலீஸ் விசாரணைக்கு வீட்டில் காத்திருந்தது நாம். ஆனால் சொத்து சர்க்காருடையது. 1967-ஆம் வருஷத்து பாஸ்போர்ட் சட்டம், 17-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது காரைக்குடிக்குப் போவோம்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை பக்கம் போயிருக்கிறீர்களா? ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகள். தூண்களைத் தட்டிப் பார்த்தால் பர்மா தேக்கு என்பார்கள். தரை இத்தாலிப் பளிங்கு. கண்ணாடி பெல்ஜியம். பார்க்கிறவர்களுக்கு ஒன்று தோன்றும்: 'உலகம் பூரா சுத்தின மனுஷங்க... எத்தனை பாஸ்போர்ட் வச்சிருந்திருப்பாங்க!'

அதுதான் வேடிக்கை. அந்தத் தூண்களுக்குப் பணம் கொடுத்த காலத்தில், ரங்கூனுக்குப் போக பாஸ்போர்ட்டே வேண்டாம். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். காரைக்குடியிலிருந்து ரங்கூன் போவது, சட்டப்படி காரைக்குடியிலிருந்து கல்கத்தா போவது மாதிரிதான். நடுவில் கடல் இருந்தது, அவ்வளவே. கப்பல் டிக்கெட் எடுக்கப் பணமும், அங்கே போய் உட்கார ஒரு பெட்டியடியும் இருந்தால் போதும்.

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர், எண்பதைத் தாண்டியவர், சொன்னார்: "பேப்பரா? எங்க ஐயா கொண்டுபோனது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கணக்குப் புஸ்தகம், ஒரு ஜாடி ஊறுகாய். மூணு வருஷம் கழிச்சு கணக்கோட திரும்பி வந்தாக. ஊறுகாய் ஜாடியைக்கூட திருப்பிக் கொண்டாந்துட்டாக!"

அந்த 'மூணு வருஷம்' முக்கியம். நகரத்தார் தொழிலின் உயிரே அதில்தான் இருந்தது.

நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் பேலன்ஸ் ஷீட் என்று எங்களைப் பாடாய்ப் படுத்திய சமாச்சாரத்தை, செட்டிநாட்டில் அதற்கு வெகு முன்பிருந்தே 'ஐந்தொகை' என்று எழுதி வந்தார்கள். முதலாளி ஊரில் இருப்பார். ஏஜெண்ட் ஒருவர் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ இலங்கைக்கோ போவார். பொதுவாக மூன்று வருஷத் தவணை. தவணை முடிந்ததும் ஐந்தொகை எடுத்து, பொறுப்பை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்புவார். கல்யாணம், கோயில் புள்ளி, பிள்ளைகுட்டி எல்லாம் இங்கே. சம்பாத்தியம் அங்கே. ஒருவர் போக, ஒருவர் வர... ராட்டினம் மாதிரி.

இந்த ராட்டினம் எவ்வளவு பெரியது தெரியுமா? பர்மா வங்கித்தொழில் விசாரணைக் குழு 1930-ஐ ஒட்டிக் கணக்கெடுத்தபோது, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புரண்ட பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி! இத்தனையும் நின்றது ஒரே ஒரு ஆணியில்: போக வேண்டும் என்று நினைத்தபோது போகலாம், வர வேண்டும் என்று நினைத்தபோது வரலாம்.

ஆணி கழன்றது எப்படி?

1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமான நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில். 'வட்டிக்குப் பணம் கொடுத்தது நியாயமான தொழில்தானே' என்று நம் பக்கத்தில் சொல்லலாம். நிலத்தை இழந்தவன் பக்கத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். கோபம் வளர்ந்தது.

1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா தனி நாடாகப் பிரிக்கப்பட்டது. ரங்கூன் ஒரே நாளில் 'வெளிநாடு' ஆனது. 1941-ல் இந்தியா–பர்மா குடியேற்ற ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். இனிமேல் போகிறவர்களுக்கு பாஸ்போர்ட், விசா, அனுமதிச் சீட்டு என்றெல்லாம் கட்டுப்பாடு. காந்திஜியே அதைக் கண்டித்து அறிக்கை விட்டார். அது முழுசாய் நடைமுறைக்கு வருவதற்குள் ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்துவிட்டான். 1942-ல் லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்கு ஐந்தொகை எழுத ஆளில்லை.

சண்டை முடிந்தது. 'சரி, திரும்பப் போய் கடையைத் திறப்போம்' என்று நினைத்தவர்களுக்கு 1947-ல் பர்மா அவசரக் குடியேற்றச் சட்டம் வந்தது. அனுமதி இல்லாமல் உள்ளே வர முடியாது. நிலம் அங்கே, பத்திரம் பெட்டியில், ஆள் இங்கே! 1948-ல் நில தேசியமயச் சட்டம். 1962-ல் நே வின்னின் ராணுவ ஆட்சி. 1964-ல் கடைகளையும் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் கப்பல் கப்பலாக அகதிகள். அவர்களில் பெரும்பாலோர் செட்டியார்கள்கூட இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், சின்னக் கடை வைத்திருந்தவர்கள். சென்னையில் பர்மா பஜார் இருப்பது உங்களுக்குத் தெரியும். காரைக்குடியிலேயே ஒரு பர்மா காலனி இருக்கிறது.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான், ரத்தம் மட்டும் குறைவு. இலங்கையில் 1948-ன் குடிவரவு குடியகல்வுச் சட்டம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1953 முதல் புதிய ஆள் வருவதற்குக் கடும் கட்டுப்பாடு. எல்லா நாடும் ஒரே கேள்வியைக் கேட்டது: 'நீ இங்கேயா, அங்கேயா?'

செட்டிநாட்டுக்காரரிடம் அதற்குப் பதில் இல்லை. அவர் பதில் 'ரெண்டும்தான்' என்பது. அந்தப் பதிலை எழுத விசா படிவத்தில் கட்டம் கிடையாது. சிலர் அங்கேயே குடியுரிமை வாங்கித் தங்கினார்கள். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். ராட்டினம் நின்றது. பல வீடுகளில் பூட்டுத் தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூரில் இன்னொரு கூத்து. சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நடுவே 1924-ல் திறந்த பாலத்துச் சாலை இருக்கிறது. நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். காலையில் இந்தக் கரையில் இட்லி, மத்தியானம் அந்தக் கரையில் சாப்பாடு என்று போய்வந்துகொண்டிருந்தார்கள். 1965-ல் சிங்கப்பூர் தனி நாடானது. 1967-ல் அதே சாலையில் பாஸ்போர்ட் சோதனை வந்துவிட்டது. ஜனங்கள் நகரவில்லை சார்... எல்லைக்கோடுதான் நகர்ந்து வந்து அவர்கள் மேல் விழுந்தது.

அதே 1967-ல் டெல்லியில் ஒரு வழக்கு. சத்வந்த் சிங் சாஹ்னி என்று ஒரு வியாபாரி. மோட்டார் உதிரி பாகங்கள் ஏற்றுமதி, இறக்குமதி. அவருடைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடு என்று அதிகாரிகள் கேட்டார்கள். அன்றைக்கு பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் சர்க்காரின் இஷ்டம். தனிச் சட்டம் கிடையாது. 'வெளிநாடு போகாவிட்டால் என் தொழில் என்னாவது?' என்று அவர் உச்ச நீதிமன்றம் போனார். வெளிநாடு போவதும் ஒருவருடைய தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்ததுதான், சட்டம் இல்லாமல் அதைப் பறிக்கக் கூடாது என்று ஏப்ரல் 10-ஆம் தேதி தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அவர் பக்கம். அதற்குப் பிறகுதான் அவசர அவசரமாக ஜூன் மாதம் பாஸ்போர்ட் சட்டமே வந்தது. உங்கள் கையிலிருக்கும் புத்தகத்துக்கு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரியும் காரணம் என்றால் நம்புவீர்களா?

சரி, பழைய கதை போதும். இன்றைக்கு வருவோம்.

ராட்டினம் மறுபடி சுற்றுகிறது. சிவகங்கை, ராமநாதபுரம் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் துபாய், சவூதி, கத்தார், சிங்கப்பூர், மலேசியா என்று இருக்கிறார். ரெண்டு வருஷம், மூணு வருஷக் கான்ட்ராக்ட். சம்பாத்தியம் அங்கே, குடும்பம் இங்கே. அதே பழைய கணக்கு. ஒரே ஒரு வித்தியாசம். அன்றைக்குப் போனவர் மூன்று வருஷம் கழித்துத் திரும்பிவர எவனையும் கேட்க வேண்டியதில்லை. இன்றைக்குப் போகிறவர் அங்கே இருக்கும் அனுமதி, முதலாளி பெயரோடு முடிச்சுப் போட்டது.

தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர். 2008-ல் துபாய் போனார். ஏஜெண்ட் கொடுத்தது விசிட் விசா. "போய் இறங்கு, அங்கே மாத்திக்கலாம்." இறங்கி, வேலையும் செய்தார். விசா முடிகிற நேரத்தில் கம்பெனியில், "ரெண்டு நாள் கிஷ் போயிட்டு வா. புது விசா அங்கே வந்துடும்" என்றார்கள்.

கிஷ் என்பது ஈரானுக்குச் சொந்தமான தீவு. துபாயிலிருந்து விமானத்தில் ஏறி சீட் பெல்ட் போட்டுக் கழற்றுவதற்குள் வந்துவிடும். உள்ளே போக விசா தேவையில்லை. அதனால் அந்த வருஷங்களில் நம்மவர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லோரும் விசா மாற்ற அங்கேதான் போய்க் காத்திருப்பார்கள். தம்பியும் போனார். ரெண்டு நாள் ஆச்சு, நாலு நாள் ஆச்சு, விசா வரவில்லை.

"அண்ணே, தினமும் காலையில எந்திரிச்சு ஓட்டல் வரவேற்புல போய் நிப்போம். விசா வந்தவன் பேரைச் சொல்வான். பேர் வந்தவன் சிரிச்சுக்கிட்டே பையைத் தூக்குவான். வராதவன் மறுபடி ரூமுக்குப் போயிப் படுத்துக்குவான். ஒரு ரூம்ல ஆறு பேரு. ரொட்டியும் தண்ணியும்தான். ஊருக்கு போன் போட்டா 'துபாய்லதான் இருக்கேன், நல்லா இருக்கேன்'னு சொல்லுவேன்."

26 நாள். 27-வது நாள் விசா வந்தது. அவர் அதிர்ஷ்டக்காரர். அந்த 26 நாளும் அவர் வேலை பார்த்த நாட்டிலும் இல்லை, சொந்த நாட்டிலும் இல்லை. யார் கணக்கிலும் வராத ஓர் ஆள்.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது: பாஸ்போர்ட் வேறு, விசா வேறு, வேலை அனுமதி வேறு. பாஸ்போர்ட் 'நீ யார்' என்று சொல்கிறது. விசா 'உள்ளே வரலாம்' என்கிறது. வேலை செய்யலாமா, எவ்வளவு நாள், யாரிடம் என்பதைச் சொல்வது மூன்றாவது காகிதம். சவூதியில் இக்காமா, சிங்கப்பூரில் வொர்க் பர்மிட். மூன்றில் எது குறைந்தாலும் நாற்காலிக்கு ஒரு கால் குறைவு.

அதேபோல உள்ளே போக ஓர் அனுமதி, வெளியே வந்து மறுபடி உள்ளே போக இன்னொரு அனுமதி. சவூதியில் வேலை செய்கிறவர் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்து திரும்ப வேண்டுமானால், எக்சிட்–ரீஎன்ட்ரி விசா வேண்டும். துபாய் ரெசிடென்ஸ் விசாக்காரர் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது செல்லாமல் போகும். வேலை செய்யும் நாட்டு விசா பக்கத்து நாட்டுக்குத் தானாகச் செல்லுபடியாகாது. பாஸ்போர்ட்டில் பத்து வருஷம் என்று போட்டிருந்தாலும், பல நாடுகள் இன்னும் ஆறு மாதமாவது பாக்கி இருக்கிறதா என்று பார்க்கின்றன. ஆக, பத்து வருஷ பாஸ்போர்ட் உண்மையில் ஒன்பதரை வருஷம்தான்.

பத்தாவது பாஸ் பண்ணாதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, வளைகுடா, மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக சர்க்கார் அனுமதி வாங்க வேண்டும். தொல்லை மாதிரி தெரியும். ஆனால் அந்த வழியில் போனால் கான்ட்ராக்டை ஓர் அதிகாரி பார்ப்பார், 10 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸ் இருக்கும். விசிட் விசாவில் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையே இல்லை. ஏஜெண்ட் ஏன் அந்த வழியைக் காட்டுகிறார் என்று இப்போது புரிகிறதா? அவருக்கு வேலை மிச்சம். உங்களுக்குப் பாதுகாப்பு மிச்சமில்லை. 'ஃப்ரீ விசா' என்று ஒன்று சொல்வார்கள். எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் அப்படி ஒரு விசா கிடையாது.

இப்போது முதலில் சொன்ன அந்த ஒரு வரிக்கு வருவோம். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. பல கம்பெனிகளில் போய் இறங்கியதும், "பத்திரமா இருக்கட்டும்" என்று அதை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். பூட்டியது புத்தகத்தை மட்டுமா? அப்பா செத்துப்போனார் என்று நடுராத்திரி போன் வந்தால், முதலில் அலமாரிச் சாவி வைத்திருப்பவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இது சட்டப்படி தப்பு. கத்தாரின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அபராதம் சொல்கிறது. ஐக்கிய அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அடுத்தவர் பாஸ்போர்ட்டைக் காரணமில்லாமல் வைத்திருப்பது குற்றம். சட்டம் இருக்கிறது. கேட்பதற்குத்தான் தைரியம் வேண்டியிருக்கிறது. சொத்து உங்களுடையதுகூட இல்லை, இந்திய அரசுடையது என்று சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் தைரியம் வரும்.

கடைசியாக ஒன்று. 2022-லிருந்து ஒரு செய்தியை அடிக்கடி படித்திருப்பீர்கள். 'தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம்' என்று தமிழ்நாட்டுப் பையன்களை டூரிஸ்டாக அழைத்துப் போகிறார்கள். பாங்காக்கிலிருந்து காரில் ஏற்றி, மோய் ஆற்றைத் தாண்டி இறக்குகிறார்கள். அது மியான்மர் நாட்டு மியாவடி. அங்கே ஆன்லைன் மோசடி வேலை. மறுத்தால் அடி, உதை. அந்த வருஷம் செப்டம்பரில் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2025 மார்ச்சில் மட்டும் 500-க்கு மேற்பட்ட இந்தியர்களை எல்லையிலுள்ள மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தார்கள்.

மியான்மர் என்றால் எது? அதே பர்மாதான்! காகிதமே கேட்காத காலத்தில் டிரங்குப் பெட்டியோடு போய், கணக்கோடு திரும்பி வந்தார்கள். இத்தனை காகிதம் வந்த காலத்தில், அந்த நாட்டு விசாவே இல்லாமல் உள்ளே தள்ளப்பட்டு, திரும்ப வழி தெரியாமல் நிற்கிறார்கள்.

ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளை வெளிநாடு கிளம்பினால், 'சம்பளம் எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். விசாவில் என்ன வேலை, யார் பெயர் போட்டிருக்கிறது? ஏஜெண்ட்டுக்குப் பதிவு எண் இருக்கிறதா? (இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், அதற்கு மேல் இல்லை.) பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? அவசரமாக வர வேண்டியிருந்தால் யார் கையெழுத்து வேண்டும்? எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும்.

போவதற்கு வழி சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். திரும்புவதற்கான காகிதத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் வாசல்படி தாண்டும்போது 'போறேன்' என்று யாராவது சொன்னால் பெரியவர்கள் விடமாட்டார்கள். 'போயிட்டு வர்றேன்னு சொல்லு' என்று திருத்துவார்கள். வாயால் திருத்துகிறோம். விசாவிலும் அந்த 'வர்றேன்' இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.